நாலு போல்ட்டும் ஒரு ஃப்ளைவீலும்

பழைய கார் சேகரிப்பவர்களிடம் ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்று ஒரு மந்திரம் உண்டு. தொழிற்சாலையை விட்டு வந்தபோது என்ன எஞ்சின் இருந்ததோ, அதே எஞ்சின் அதே நம்பரோடு இன்னிக்கும் இருக்கணும். இல்லேன்னா விலை இறங்கிடும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைப் பற்றிப் படிக்கப் படிக்க, இந்த மந்திரம் அந்தக் காருக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் எனக்கு வலுக்கிறது.

போருக்குப் பிறகு வந்த பீட்டில்களில் 1131 சிசி எஞ்சின், 25 குதிரைத் திறன். 1954 மாடலில் 1192 சிசி. 1966-ல் 1300, 1967-ல் 1500, பிறகு 1600. ஆனால் எஞ்சினை கியர்பாக்ஸோடு பிணைப்பது எப்போதும் அதே நாலு போல்ட்தான். எங்க மென்பொருள் பாஷையில் சொன்னால், உள்ளே நிரலை எத்தனை தடவை திருத்தி எழுதினாலும் இன்டர்ஃபேஸில் கை வைக்கவில்லை. அதனால்தான் 1950களின் காரில் 1970களின் எஞ்சினை ஏற்ற முடிகிறது.

போல்ட் பொருந்திட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க. 1967 மாடலில் அமெரிக்காவுக்குப் போன பீட்டில்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. கூடவே ஃப்ளைவீலும் பெரிசாச்சு: 109 பற்கள் 130 ஆயின, கிளட்ச் 180 மி.மீ.யிலிருந்து 200 ஆனது. இந்த எஞ்சினைப் பழைய கியர்பாக்ஸில் மாட்டினால் ஃப்ளைவீல் பெல் ஹவுசிங்கின் உட்சுவரில் இடிக்கும். அந்த இடத்தைக் கிரைண்டரால் தேய்த்து எடுக்கணும். ஸ்டார்ட்டர் ஷாஃப்டின் தடிமனும் வேற, புஷ்ஷையும் மாத்தணும்.

கியர்பாக்ஸ் மாற்றுவதில் இன்னொரு வேடிக்கை. 1967 வரை வந்த ஃபோக்ஸ்வாகன் வேன்களில், பின்சக்கரத்தருகே தனியாக ஒரு ஜோடி கியர் உண்டு. அது சுழற்சியைத் திருப்பிவிடும். அந்த கியர்பாக்ஸை அப்படியே பீட்டிலில் மாட்டினால் முன்னே போக ஒரு கியர், பின்னே போக நாலு! உள்ளே இருக்கும் ரிங் கியரைப் பக்கம் மாற்றிப் போட்டால்தான் சரியாகும்.

இதெல்லாம் மெக்கானிக்குகளின் குறுக்குவழி, கார் நிறுவனம் ஒத்துக்காதுன்னு தோணலாம். இங்கேதான் வரலாறு சுவாரசியமாகிறது. 1958-ல் ஜெர்மனியின் காஸல் நகருக்குப் பக்கத்தில் ஃபோக்ஸ்வாகன் தொடங்கிய ஆலையின் முதல் வேலையே பழைய எஞ்சின்களைப் புதுப்பிப்பதுதான். தேய்ந்த எஞ்சினைக் கொடுத்துட்டு, புதுப்பித்த இன்னொன்றை வாங்கி மாட்டிக்கலாம். அதாவது, ஒரே எஞ்சினோடு கடைசிவரை ஓடணும்னு அந்தக் காரைச் செய்தவர்களே எதிர்பார்க்கவில்லை.

2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் புவெப்லாவில் கடைசி பீட்டில் வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை 2,15,29,464. அவற்றில் பல இன்னும் ஓடுவதற்கு இந்த மாற்றங்களும் ஒரு காரணம். நல்லா ஓடுற பிந்தைய எஞ்சினைக் கழற்றிவிட்டு ‘சரியான’ நம்பரைத் தேடி மாட்டுபவர், அந்த வண்டி எப்படிப் பிழைத்தது என்பதற்கான சான்றையும் சேர்த்தே அழிக்கிறார்.

அடுத்த தடவை ஒரு பழைய பீட்டிலைப் பார்த்தா, எஞ்சின் நம்பரோடு விட்டுடாதீங்க. பெல் ஹவுசிங்குக்குள்ள தேய்த்த தடம் இருக்கான்னும் கேளுங்க. எஞ்சினுக்கு ஏத்த மாதிரி பிரேக்கையும் மாத்தியிருக்காங்களான்னு மறக்காம பாருங்க. 1600 எஞ்சினின் திறன் பழைய 25-ஐப் போல ரெண்டு மடங்கு!