மூலமும் படியும்: தொடர் ஒருங்கிணைப்பில் கிளவுட் எமுலேட்டர்களின் வளர்ச்சி

முன்னுரை

நிரலாளர் ஒருவர் நான்கு வரிகளைத் திருத்திப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்புகிறார். சற்று நேரத்தில் எங்கோ ஒரு புதிய இயந்திரம் எழுந்து, நிரலை இறக்கிச் சோதனைகளைத் தொடங்குகிறது. அந்த நிரல் அமேசானின் எஸ்3 சேமிப்பில் ஒரு படத்தை வைக்க வேண்டும், எஸ்க்யூஎஸ் வரிசையில் ஒரு செய்தியைப் போட வேண்டும், டைனமோடிபி அட்டவணையில் ஒரு பதிவைச் சேர்க்க வேண்டும். மூன்றும் நடக்கின்றன. ஆனால் ஒரு பைட் கூட அமேசானைச் சென்றடைவதில்லை. அதே இயந்திரத்தில் 4566ஆம் எண் போர்ட்டில் காத்திருக்கும் ஒரு கன்டெய்னர், அமேசான் எப்படிப் பதில் சொல்லுமோ அப்படியே சொல்கிறது. சோதனை முடிந்ததும் அந்தச் சிறிய உலகம் முழுவதும் அழிந்துவிடுகிறது.

மெய்யான சேவைக்குப் பதிலாக அதன் படியான எமுலேட்டரை நிறுத்தும் இந்தப் பழக்கம் பரவியதற்குச் செலவுக் குறைப்பே காரணம் என்று பலரும் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. தொடர் ஒருங்கிணைப்பு என்னும் முறைக்கே உரிய ஒரு தேவைதான் கிளவுட் எமுலேட்டரைப் பிறப்பித்தது என்பதும், அதன் வளர்ச்சி மூலத்தோடு தனக்குள்ள வேறுபாடுகளுக்குப் பொறுப்பேற்கக் கற்றுக்கொண்ட வரலாறு என்பதும் இக்கட்டுரையின் துணிபு. ஏடு பெயர்த்தெழுதியவரின் படியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்த பிறகே பதிப்பாசிரியர் அதை நம்புவார். அந்த அளவுகோலையே இங்கும் கைக்கொள்ளலாம்.

இரண்டு வேர்கள்

‘தொடர் ஒருங்கிணைப்பு’ என்ற தொடரைக் கிரேடி பூச் 1991இல் பயன்படுத்தினார். 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக் முன்னெடுத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் இயக்கம் அதை அன்றாட ஒழுக்கமாக்கியது. மார்ட்டின் ஃபௌலரின் கட்டுரை 2000இலும், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் உருவான குரூஸ்கண்ட்ரோல் கருவி 2001இலும் வெளிவந்தன. இவற்றின் சாரம் ஒன்றே: ஒவ்வொருவரின் மாற்றமும் உடனுக்குடன் மற்றவர்களின் வேலையோடு சேர வேண்டும், சேரும் ஒவ்வொரு முறையும் தானியங்கிச் சோதனைகள் ஓட வேண்டும். சோதனை விரைவாக முடிய வேண்டும் என்பதோடு, மாறாத நிரலுக்கு எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே தீர்ப்பைத் தர வேண்டும் என்பதும் இதிலிருந்து பிறந்த நிபந்தனை.

இந்த நிபந்தனைக்காகவே வெளி அமைப்புகளுக்குப் பதிலாள் நிறுத்தும் கலை வளர்ந்தது. டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், பிலிப் கிரெய்க் மூவரும் 2000இல் மாக் பொருள்களைப் பற்றிக் கட்டுரை படைத்தனர். 2007இல் ஜெரார்ட் மெஸாரோஸ் பதிலாள்களை வகைப்படுத்திப் பெயரிட்டார். சோதனை எழுதியவர் சொல்லிக்கொடுத்ததை மட்டும் ஒப்பிப்பது ஸ்டப். எப்படி அழைக்கப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் சுமந்து சரிபார்ப்பது மாக். எளிய வடிவிலேனும் உண்மையாக வேலை செய்வது ஃபேக்.

எமுலேட்டர் என்ற கருத்து வேறொரு வேரிலிருந்து வந்தது. 1964இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது, பழைய 1401 இயந்திரத்துக்கு எழுதப்பட்ட நிரல்களை வாடிக்கையாளர்கள் கைவிடத் தயாராக இல்லை. புதிய இயந்திரம் பழையதைப் போல நடந்துகொள்ள மைக்ரோகோடு வழியே வகை செய்யப்பட்டது. வேறொரு அமைப்பின் விதிகளை உள்வாங்கி, அந்த அமைப்பாகவே நடந்துகொள்வது என்ற கருத்து அங்கே நிலைபெற்றது. மாக் ஒரு கேள்விக்கான விடையை அறியும்; எமுலேட்டர் கேள்விகளின் இலக்கணத்தையே அறியும். கிளவுட் எனப்படும் மேகக் கணிமை இவ்விரு வேர்களையும் பின்னிப் பிணைத்தது.

நிறுவ முடியாத மென்பொருள்

2006 மார்ச் 14 அன்று அமேசான் எஸ்3 சேவையைத் திறந்தது. அதே ஆண்டில் எஸ்க்யூஎஸ்ஸும் மெய்நிகர் கணினிச் சேவையான இசி2வும் பொதுப் பயன்பாட்டுக்கு வரத் தொடங்கின. அதுவரை ஒரு நிரலுக்கு மைஎஸ்க்யூஎல் தேவையென்றால் சோதனை இயந்திரத்திலும் மைஎஸ்க்யூஎல்லை நிறுவிவிடலாம். எஸ்3ஐ அப்படி நிறுவ முடியாது. அது இணையத்தின் மறுமுனையில், பிறர் ஆளுகையில் இயங்கும் சேவை.

மெய்யான சேவையையே சோதனைக்குப் பயன்படுத்தினால் என்ன நேரும்? எஸ்3இல் கோப்புகளை வைக்கும் பெட்டியான பக்கெட்டுக்கு ஒருவர் எடுத்த பெயரை உலகில் வேறு எவரும் எடுக்க முடியாது. ஒரே பெயரைக் கேட்டு இரண்டு பில்டுகள் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்று மற்றொன்றின் காலை இடறும். பாதியில் நின்ற சோதனை விட்டுச்சென்ற கோப்பு மறுநாள் சோதனையைக் கெடுக்கும். நிரல் மாறாமலே தீர்ப்பு மாறும். தொடர் ஒருங்கிணைப்பின் உயிர்நாடியையே இது தாக்கியது.

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படாதது: சாவி. டிராவிஸ் சிஐ போன்ற சேவைகள் 2011 முதல் திறமூலத் திட்டங்களுக்குச் சோதனை இயந்திரங்களை வழங்கின. முன்பின் அறியாத ஒருவர் அனுப்பும் திருத்தத்தைச் சோதிக்கும்போது, திட்டத்தின் கிளவுட் சாவியை அந்த நிரலின் கண்ணில் காட்டலாமா? கூடாது. அப்படியானால், வெளியாரின் பங்களிப்பு சோதிக்கப்படாமலே நிற்கும். எந்தச் சாவியையும் ஏற்றுக்கொள்ளும் எமுலேட்டர் இந்த முடிச்சை அவிழ்த்தது. பணத்தை மிச்சப்படுத்தியதைவிட இது பெரிய கொடை என்பேன். புதியவர்களுக்குக் கதவு திறந்தது இதனால்தான்.

கைவினைக் காலம்

சேவை வழங்குநர்கள் சிலர் இத்தேவையை முன்பே உணர்ந்திருந்தனர். கூகுள் 2008 ஏப்ரலில் ஆப் எஞ்சினை அறிமுகப்படுத்தியபோதே, அதை நிரலாளரின் கணினியில் பாவனை செய்யும் சர்வரையும் உடன் தந்தது. அமேசான் 2013இல் டைனமோடிபி லோக்கல் என்ற தரவிறக்க வடிவை வெளியிட்டது.

மற்ற இடைவெளிகளை நிரலாளர்களே நிரப்பினார்கள். 2013இல் தொடங்கிய மோட்டோ என்ற பைத்தான் நூலகம், சோதனைச் செயற்கூற்றின் தலையில் ஒரு வரி சேர்த்தாலே அமேசான் அழைப்புகளை இடைமறித்து நினைவகத்திலிருந்து பதில் தந்தது. மைக்கேல் ஹார்ட் டைனமோடிபிக்கு டைனலைட்டையும், கினிஸிஸ் என்ற தரவோடைச் சேவைக்குக் கினிஸலைட்டையும் எழுதினார். ஒவ்வொன்றும் தனித்தனிக் கருவி, தனித்தனி நிறுவல். ஐந்து சேவைகளைத் தொடும் நிரலுக்கு ஐந்து கருவிகளைக் கட்டி மேய்க்க வேண்டியிருந்தது.

இவற்றைச் சேர்த்துக் கட்டும் கயிறாக வந்தது, கன்டெய்னர்களை இயக்கும் டாக்கர். 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் அதைப் பைகான் மாநாட்டில் காட்டினார். நிறுவல் என்ற பெருஞ்சுமை, ஒரு கன்டெய்னர் படிமத்தை இறக்கும் ஒற்றைக் கட்டளையாகச் சுருங்கியது. அந்த அடித்தளத்தில்தான் அட்லாசியன் நிறுவனத்தில் வால்டெமார் ஹம்மர் தொடங்கிய லோக்கல்ஸ்டாக், 2017இல் திறமூலமாகக் கவனம் பெற்றது. அது எல்லாவற்றையும் புதிதாக எழுதவில்லை. மோட்டோவையும் டைனமோடிபி லோக்கலையும் கினிஸலைட்டையும் ஒரே கூரையின்கீழ்க் குடியமர்த்தியது. தொடக்கத்தில் எஸ்3க்கு 4572, எஸ்க்யூஎஸ்ஸுக்கு 4576 என ஒவ்வொரு சேவைக்கும் ஒரு போர்ட் இருந்தது. 2020இல் எல்லாம் 4566 என்ற ஒரே வாசலுக்கு மாறின. 2022 ஜூலையில் 1.0 பதிப்பு வந்தது.

பைப்லைனுக்குள்

நிரலாளரின் மேசையில் நன்றாக ஓடும் எமுலேட்டர், தானியங்கிச் சோதனைகள் ஓடும் பைப்லைனில் ஏன் தடுமாறுகிறது? முதல் சிக்கல் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற சொல்லின் பொருள். நிரலாளரின் கணினியில் அது அந்தக் கணினியைக் குறிக்கும். பைப்லைனில் சோதனை ஒரு கன்டெய்னரிலும் எமுலேட்டர் மற்றொன்றிலும் ஓடினால், சோதனைக்கு லோக்கல்ஹோஸ்ட் என்பது அதன் சொந்த அறைதான். எமுலேட்டர் அடுத்த அறையில் இருக்கிறது. அதைச் சேவையின் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்ற பிழைச் செய்தியின் பின்னால் பெரும்பாலும் இந்த அறைக் குழப்பமே ஒளிந்திருக்கும்.

இரண்டாவது சிக்கல் முகவரி. எஸ்3இல் பக்கெட்டின் பெயர் சர்வர் பெயரின் முன்னொட்டாக வருவது இயல்பான வழக்கம். எமுலேட்டரிடம் அப்படிக் கேட்டால், பக்கெட் பெயர் ஒட்டிய அந்த முகவரியைப் பெயர்த் தீர்வு கண்டறியாமல் போகலாம். எனவே பக்கெட் பெயரைப் பாதையின் பகுதியாக எழுதும் பழைய முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது சிக்கல் நேரம். கன்டெய்னர் எழுந்துவிட்டது என்பதால் உள்ளே சேவை ஆயத்தமாகிவிட்டது என்று பொருளில்லை. பத்து நொடி உறங்கு என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. நெரிசலான நாளில் பத்து நொடி போதாது, மற்ற நாள்களில் அது வீண். நலம் விசாரிக்கும் முகவரியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஆயத்தம் என்ற பதில் வந்த பிறகே சோதனையைத் தொடங்குவதுதான் சரியான வழி.

2023இல் அமேசானின் கட்டளைக் கருவியும் நிரல் நூலகங்களும் சேவையின் முகவரியை ஒரு சூழல் மாறியின் வழியே மாற்றிக்கொள்ள இடம் தரத் தொடங்கின. அதுவரை சோதனைக்கென்று மூலநிரலிலேயே கிளைவழி எழுதியவர்களுக்கு, சோதிக்கப்படும் நிரலும் வெளியிடப்படும் நிரலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகும் வாய்ப்பு கிடைத்தது. மாற்றம் சிறிது, நேர்மை பெரிது.

பாடவேறுபாடு

இங்கேதான் இவ்வரலாற்றின் மையம். 2020 டிசம்பர் வரை, எஸ்3இல் இருக்கும் ஒரு கோப்பின் மேல் புதியதை எழுதி உடனே படித்தால், பழையதே கிடைக்கக்கூடும். ஒற்றை இயந்திரத்தின் எமுலேட்டரில் எழுதியது அக்கணமே தெரியும். ஆகவே, எழுதியதும் படிக்கும் நிரல் சோதனையில் ஆயிரம் முறை தேறி, மெய்யான சேவையில் என்றோ ஒருநாள் பிசகும். 2020 டிசம்பரில் அமேசான் வலுவான ஒத்திசைவை வழங்கியதும் இவ்வேறுபாடு மறைந்தது. படி திருந்தவில்லை, மூலம் படியின் பக்கம் நகர்ந்தது.

மற்ற வேறுபாடுகள் அப்படி மறையவில்லை. எஸ்க்யூஎஸ்ஸின் சாதாரண வரிசை ஒரே செய்தியை இருமுறை தரலாம், முறை மாற்றியும் தரலாம். எமுலேட்டர் பெரும்பாலும் ஒழுங்காக ஒருமுறையே தரும். டைனமோடிபி லோக்கல், ஒதுக்கப்பட்ட வேக அளவைப் பொருட்படுத்துவதில்லை என்று அமேசானின் ஆவணமே சொல்கிறது. அனுமதிக் கட்டுப்பாடுகளை எமுலேட்டர்கள் இயல்புநிலையில் வற்புறுத்துவதில்லை. சாவியே வேண்டாம் என்ற கொடையின் மறுபக்கம் இது. மூலத்தைவிட எமுலேட்டர் கருணை மிக்கது. சோதனைக்கு அந்தக் கருணை ஆபத்தானது.

இதற்கு விடை இரண்டு வழிகளில் வந்தது. அமேசான் தன் நிரல் நூலகங்களில் வெளியிடும் சேவை விவரணைகளிலிருந்தே எமுலேட்டரின் வாயிற்பகுதியைத் தானாக உருவாக்குவது ஒன்று. வேண்டுகோளின் வடிவம் இனி நினைவிலிருந்து எழுதப்படுவதில்லை. லோக்கல்ஸ்டாக் தன் சோதனைகளை முதலில் மெய்யான அமேசானில் ஓட்டி, வந்த பதில்களைப் பதிந்துவைத்து, பிறகு தன் பதில்களை அவற்றோடு வரி வரியாக ஒப்பிடுவது மற்றொன்று. ஏட்டுப் படிகளை ஒப்புநோக்கும் பதிப்பு முறையை ஒத்தது இது.

முடிவுரை

எமுலேட்டர் மெய்யான கிளவுடைப் பைப்லைனிலிருந்து விலக்கவில்லை. அதைக் கலந்தாலோசிக்கும் இடத்தை மாற்றியது. முன்பு ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேட்ட கேள்வியை, இப்போது எமுலேட்டரை உருவாக்குவோர் கேட்டு, விடையைப் பதிந்து, எல்லோருக்கும் பகிர்கிறார்கள். எஞ்சும் கேள்விகளைக் குழுக்களே கேட்டாக வேண்டும். அனுமதி, வேக வரம்பு, இரட்டைச் செய்தி ஆகிய மூன்றுக்கும் வெளியீட்டுக்கு முன் தனிக் கணக்கில் மெய்யான சேவையைச் சோதிப்பது தவிர்க்க முடியாதது.

ஆகவே, எமுலேட்டரைப் பைப்லைனில் சேர்க்கும் ஒவ்வொரு குழுவும் நிரலோடு ஒரு கோப்பையும் வைத்துப் பேண வேண்டும் என்பது என் வேண்டுகோள். எந்தச் சேவை, எந்த நடத்தை, மூலத்தில் எப்படி, படியில் எப்படி என்ற பட்டியல் அதில் இருக்கட்டும். நள்ளிரவில் மெய்யான சேவையில் பிழை எழும்போது, பொறுப்பிலிருப்பவர் முதலில் திறக்க வேண்டிய ஏடு அது.