‘பரையா’: அகராதிக்குள் போன நம் பெயர்



ஆங்கிலப் பாடத்தில் ‘பரையா’ என்ற சொல் வந்தால் ‘ஒதுக்கப்பட்டவர்’ என்று நம் பிள்ளைகள் பொருள் எழுதுகிறார்கள். பிற நாடுகள் விலக்கிவைத்த நாட்டை ‘பரையா ஸ்டேட்’ என்கிறார்கள். தெருநாய்க்கும் கரும்பருந்துக்கும்கூட ஆங்கிலேயர் இதே அடைமொழியைச் சூட்டினார்கள். ஆனால் இது குணத்தைக் குறிக்கப் பிறந்த சொல் அல்ல. ‘பறையர்’ என்ற நம் குடிப்பெயர்தான் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போனது.

புறநானூற்றின் 335ஆம் பாட்டு பறையனைப் பாணனோடும் துடியனோடும் வைத்துக் குடி என்கிறது. அங்கே இழிவு இல்லை. ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளிலோ பறைச்சேரியோடு தீண்டாச்சேரியும் வருகிறது. குடியைச் சேரியாக்கிப் பிரித்த வேலை இந்த மண்ணில் நடந்தது. ஆங்கிலம் அந்த வேலையின் விளைவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையே சொல்லின் பொருளாக்கியது. ‘ஒதுக்கப்பட்டவர்’ என்னும்போது ஒதுக்கியவர் யார் என்பது மறைந்துபோகிறது.

இந்தப் பெயரை என்ன செய்வது என்று நம் முன்னோர் ஒரே விடை சொல்லவில்லை. திண்டிவனத்துக்கு வடக்கே, மதுராந்தகம் அருகில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே இதழ் தொடங்கினார். வசைச்சொல்லாகக் கேட்ட பெயரை முகப்பில் அச்சடித்து அரசாங்கத்தின் முன் வைத்தார். அயோத்திதாசர் அந்தப் பெயரைப் பகைவர் சுமத்தியது என்று மறுத்தார். 1907இல் தொடங்கிய தம் இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். எம்.சி.ராஜா சென்னை சட்டமன்றத்தில் முயன்றதன் பயனாக, அரசு ஆவணங்களில் ‘ஆதிதிராவிடர்’ என்று எழுத 1922இல் ஆணை வந்தது. அதே 1922இல் பாரிசில் ஹோ சி மின்னும் தோழர்களும் காலனி மக்களுக்காக நடத்திய இதழுக்கு ‘ல பாரியா’ என்று பெயர் வைத்தார்கள். இங்கே நாம் கழற்றிய பெயரை அங்கே போராளிகள் அணிந்துகொண்டார்கள்.

மலேசியாவில் 2011இல் ‘இன்டர்லோக்’ என்ற பாடநூல் நாவலில் இச்சொல் வந்ததை எதிர்த்துத் தமிழர்கள் போராடினார்கள். நூல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. வசையை எதிர்த்தது நியாயம். ஆனால் ‘எங்களை எப்படி அந்தச் சாதி என்று சொல்லலாம்’ என்று எழுந்த குரலில் இருந்தது கோபம் மட்டுமல்ல, சாதியும்தான்.

ஆகவே முகையூர் ஒன்றியத்துப் பள்ளிகளில் பாடம் எடுக்கும் ஆசிரியத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். இச்சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதவும் வைக்காதீர்கள். ‘தமிழகத்தின் ஒரு குடியின் பெயர், சாதி அவர்களை ஒதுக்கியது, அந்த ஒதுக்கலை ஆங்கிலம் பொருளாக்கியது’ என்று முழுவதும் எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளை அப்போது தலைகுனிய வேண்டியிராது. பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கும் யார் ஒதுக்கினார்கள் என்ற கேள்வி எழும்.