விமானத்துக்கு எதிர்க்காற்றுதான் ஃபிரெண்ட்!

அடுக்கம் வழியா கொடைக்கானலுக்கு பைக்ல ஏறுறப்போ எதிர்க்காற்று அடிச்சா எரிச்சலா இருக்கும்ல? விமானத்துக்கு அதுதான் வேணும்!

இறக்கையைத் தழுவி ஓடும் காற்றின் வேகம்தான் விமானத்தைத் தூக்குது. மேலே கிளம்ப 260 கி.மீ. வேகம் தேவைன்னு வெச்சுக்கோங்க. 40 கி.மீ. எதிர்க்காற்று இருந்தா, தரையில் 220 கி.மீ. வேகத்தில் ஓடினாலே போதும். இறங்குறப்பவும் இதே கணக்கு. குறைஞ்ச தூரத்துலயே நின்னுடும்.

அதனாலதான் மதுரை ஏர்போர்ட்டின் ஒரே ஓடுபாதைக்கு 09, 27 என ரெண்டு எண்கள். கீழைக்காற்று வீசினா 09-ல் கிழக்கு பார்த்தும், மேலைக்காற்று வீசினா 27-ல் மேற்கு பார்த்தும் பறக்கலாம்.

பின்காற்று ஆபத்து. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில், மழையில் பின்காற்றோடு இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஏறக்குறைய பாதி ஓடுபாதையைக் கடந்த பிறகே தரையைத் தொட்டது. நிற்க இடம் போதாமல் பள்ளத்தில் விழுந்ததில் 21 பேர் இறந்தார்கள்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாளில், சென்னையில் குறுக்குக்காற்றில் ஆடிய இண்டிகோ விமானம் இறங்காமல் மறுபடி மேலேறிய வீடியோவைப் பார்த்திருப்பீங்க. அதுக்குப் பேர் 'கோ அரவுண்ட்'. பைலட்டுகளுக்குப் பயிற்சியிலேயே சொல்லித்தரும் பாதுகாப்பு நடைமுறை. உங்க ஃபிளைட்டும் அப்படி மேலேறினா பதறாதீங்க. லேட்டானாலும் பத்திரமா இறங்குறதுக்குத்தான் அந்தச் சுத்து!