வெள்ளத்துக்கு முன்னும் பின்னும்

வன்னிப் பெருநிலத்தின் கீழ்க்கரையிலே, முல்லைத்தீவுக்கும் கொக்கிளாய்க்கும் இடையே அமைந்திருப்பது நாயாறு. கோடையிலே களப்பின் வாயை மணல் மூடிவிடுவதுண்டு. வடகீழ்ப் பருவக்காற்று மாரி மழையைக் கொணரும்போது, மேற்கேயுள்ள காடுகளிலும் வயல்களிலும் இருந்து இறங்கும் நீர் அவ்வழியே கடலை அடைதல் வேண்டும். வாய் திறக்கத் தாமதமாயின், நீர் தாழ்ந்த வயல்களையும் கரையோரக் குடிகளையும் சூழ்ந்துவிடும்.

இத்தகைய நிலத்தில் வாழ்ந்த முன்னோர், வருமுன் காக்கும் வழியையே நாடினர். குளக்கட்டைத் திருத்துதலும் வாய்க்காலைத் துப்புரவு செய்தலும் ஊரார் கடமையாய் இருந்தன. 1830களில் இலங்கையில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபின் அக்கடமை தளர்ந்தது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நீர்ப்பாசனத்துக்குரிய பழைய வழக்கங்களை மீண்டும் நிலைநிறுத்த முயன்றது.

இருபதாம் நூற்றாண்டிலே அரசாங்கம் வேறொரு வழியையும் மேற்கொண்டது. அதுவே காப்புறுதி. 1957 டிசம்பர் மாதப் பெருவெள்ளம் நாட்டின் பல குளங்களை உடைத்தது. மறு ஆண்டிலே நெற்பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. 1961இல் அதற்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. 1973இல் விவசாயக் காப்புறுதிச் சபை அமைந்தது. 2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் வாயிலாக, வீடுகளுக்கும் சிறு வியாபார நிலையங்களுக்கும் இயற்கை அனர்த்தக் காப்பு அளிக்கப்பட்டது. அதற்குரிய கட்டணத்தை அரசாங்கமே செலுத்திற்று. ஓர் உடைமைக்கு 25 இலட்சம் ரூபா வரை நட்டஈடு வரையறுக்கப்பட்டது.

ஆயினும் நட்டஈடு வெள்ளம் வடிந்த பின்னரே வருவது. விழுந்த சுவரை அது எழுப்பும். அடுத்த மாரியில் அச்சுவர் விழாமல் தடுக்காது. 2018 டிசம்பரில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் வெள்ளத்தில் ஆழ்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மீண்டும் நாட்டை வெள்ளக்காடாக்கியது.

இக்குறையை ஐக்கிய அமெரிக்காவும் கண்டது. அங்கே 1968இல் தேசிய வெள்ளக் காப்புறுதி தோன்றியது. ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்ப நட்டஈடு கொடுக்க நேர்ந்தது. ஆதலால் 1994இல் இயற்றப்பட்ட சட்டம், காப்புறுதி பெற்ற கட்டிடங்களின் சேதத்தைக் குறைப்பதற்கென்றே மானியம் வகுத்தது. வீட்டை உயர்த்திக் கட்டலாம். அல்லது அரசு அதனை விலைக்கு வாங்கி, நிலத்தைத் திறந்த வெளியாக விடலாம். பொதுவாகச் செலவின் முக்காற்பங்கை மத்திய அரசாங்கம் ஏற்கும். மிகக் கடுமையாகப் பலமுறை பாதிக்கப்பட்ட வீடாயின் முழுச்செலவையும் ஏற்க இடமுண்டு.

அமெரிக்கச் செல்வம் நாயாற்றுக்கு இல்லை. எனினும் அவ்வேற்பாட்டின் நியாயம் இங்கும் பொருந்தும். உயர்ந்த அத்திவாரம், உறுதியான குளக்கட்டு, காலத்தில் திறக்கப்படும் களப்பின் வாய், விதைநெல்லையும் வலையையும் வைக்க ஒரு மேட்டுக் களஞ்சியம் என்பன பெருஞ்செலவுக்கு உரியனவல்ல. முன்னோர் உழைப்பால் செய்த காப்பும், பிற்காலத்தார் பணத்தால் செய்த காப்பும் ஒன்றுசேருமிடத்து, மாரி அச்சம் தராது விளைவைத் தரும்.