தோட்டப்பள்ளிச் சிலேட்டும் மாணவர் குறிப்பேடும்

பேராக் மாநிலத் தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் சிலேட்டைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இரப்பர்த் தோட்ட முதலாளிகளைப் பணித்தது. அவ்வாறு எழுந்தவற்றுள் பல ஓரறைப் பள்ளிகள், ஆசிரியரும் ஒருவரே. அவர் ஒரு வகுப்புக்குப் பாடம் சொல்லுகையில், மற்ற வகுப்பினர் கரும்பலகையில் உள்ளதைச் சிலேட்டில் பார்த்து எழுதினர். எழுதியதைக் காட்டிய பின் அழித்தாக வேண்டும். அடுத்த பாடத்திற்கும் அதே சிலேட்டுத்தான். வாய்ப்பாடும் செய்யுளும் உரக்க ஓதப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதுகிறோம். அங்கே எழுத்து மிகுதி; குறிப்பெடுத்தல் இல்லை.

நம் மரபும் கல்வியைப் 'பாடம் கேட்டல்' என்றே வழங்கியது. நன்னூலின் பொதுப்பாயிரம், கேட்டதை மீண்டும் கேட்கவும், உடன்பயில்வோருடன் உசாவவும், பிறர்க்கு எடுத்துரைக்கவும் சொல்கிறது. உடனிருந்து எழுதிக்கொள்ளுமாறு சொல்லவில்லை.

குறிப்பேட்டின் தேவை இடைநிலைப்பள்ளியில்தான் கடுமையாயிற்று. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறின. தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளைகள் பலர் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் அமர்ந்த பின்னரே முதலாம் படிவம் சென்றனர். தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு வந்த மாணவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். செவியில் மலாய், சிந்தையில் தமிழ், இடையில் விரையும் கை. பொருள் பிடிபடாதபோது ஒலித்ததை அப்படியே எழுதுவதே பாதுகாப்பாகத் தோன்றும். அவ்வேட்டை இரவில் திறந்து, ஓரத்தில் தமிழில் பொருள் எழுதியவனுக்கே அது பாடமாயிற்று. மற்றவனுக்கு அது இன்னொரு கரும்பலகை.

1972இல் டிவெஸ்டா, கிரே ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் குறிப்பெடுத்தலின் பயனை இரண்டாகப் பிரித்தனர்: எழுதும் செயலே கற்பிப்பது ஒன்று, பின்னர்ப் படிக்கச் சேமித்து வைப்பது மற்றொன்று. மடிக்கணினியில் எழுதுவோர் சொல்லுக்குச் சொல் பதிவதால் புரிதலில் பின்தங்குகின்றனர் என்று 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. 2021இல் வேறொரு குழு அச்சோதனையை மீண்டும் நடத்தியது. சொல்லுக்குச் சொல் பதியும் பழக்கம் மறுபடியும் தெரிந்தது. தேர்வு மதிப்பெண்ணில் அவ்வேறுபாடு தெரியவில்லை. ஆகவே பேனாவா, விசைப்பலகையா என்னும் வழக்கை இங்கே நீட்ட விரும்பவில்லை. கரும்பலகையைக் கைப்பேசியால் படமெடுத்துச் செல்லும் இன்றைய மாணவர், சேமிப்பை மட்டும் செய்துகொள்கின்றனர். அப்படத்தை அவர்கள் மீண்டும் திறப்பது அரிது என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

குறை மாணவரிடம் மட்டும் இல்லை. மூச்சுவிடாமல் பேசும் விரிவுரையாளர் முன் எவரும் படியெடுக்கத்தான் முடியும். விரிவுரையின் இடையே மும்முறை, இரண்டிரண்டு மணித்துளிகள் நிறுத்தி, மாணவர் தம் குறிப்புகளை அருகிலிருப்பவருடன் ஒப்பிட்டுத் திருத்த விட்டால் நினைவில் நிற்பது மிகுகிறது என்று 1987ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. நன்னூல் கூறிய உசாவல் அதுவே. அதற்குச் செலவாவது ஆறு மணித்துளிகள்.