காசநோயும் எங்க ஆயாவும்

ராயபுரத்துப் பழைய ஆட்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். 1782 பஞ்சத்தில் பட்டணத்துக்கு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து முளைத்தது அது. மருத்துவ வரலாறு நம்மை இப்படியே எழுதிவந்திருக்கிறது: கையேந்தி வாங்கிக்கொள்பவர்களாக. வைத்தியத்தில் நமக்கும் கை உண்டு என்பதற்கு இதே சென்னையில் சான்று இருக்கிறது.

டிபி வந்தால் சானடோரியம் என்றிருந்த காலம். ஓய்வு, பால், முட்டை, நல்ல காற்று. தாம்பரம் பக்கத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர். ஏழைகள் எத்தனை பேருக்கு அங்கே படுக்கை கிடைக்கும்? 1956இல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதை நடத்தினார். நெரிசலான ஏழைப் பகுதிகளிலிருந்து வந்த 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்தார்கள். மருந்து ஒன்றுதான், ஒரு வருடத்துக்கு.

1959இல் முடிவு வந்தது. வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், ஓய்வு குறைவு, பலர் வேலைக்கும் போனார்கள். ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. ஐந்து வருடம் கவனித்ததில், வீட்டு ஆட்களுக்குக் கூடுதலாக நோய் ஒட்டவுமில்லை. சிகிச்சைக்கு முன்புதான் நோய் அதிகம் பரவுகிறது. மருந்து உள்ளே போனதும் அது அடங்குகிறது. உலகெங்கும் சானடோரியங்கள் காலியாக இந்த ஆய்வும் ஒரு காரணம்.

ஆனால் அந்த வீடுகளில் நேரம் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தது யார்? அம்மாவோ, பெண்டாட்டியோ, ஆயாவோ. அவர்கள் பெயர் வரலாற்றில் இல்லை. மையத்து ஆட்கள் திடீரென்று வந்து மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீடு கண்காணிக்கப்பட்டது. கூட்டாளியாகவில்லை.

நாற்பது வருடம் கழித்து எங்கப்பாவுக்கு டிபி வந்தது. ஹார்பரில் லோடு இறக்குகிறவர். டாட்ஸ் முறை வந்திருந்த நேரம். முதல் இரண்டு மாதம் வாரத்தில் மூன்று நாள் சென்டருக்குப் போய், அவர்கள் கண்ணெதிரே மாத்திரை முழுங்கணும். போகிற நாளெல்லாம் கூலி போச்சு. ஆயா இட்லி சுட்டு விற்றுத்தான் உலை கொதித்தது. நோயாளி பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத டிபி வரும் என்கிற பயத்தில் வைத்த விதி அது, பயம் நியாயந்தான். ஆனால் பார்த்துக்கொள்கிறவர் வெளியாளாக இருக்கணும், வீட்டு ஆள் கூடாது என்றார்கள்.

ஆயா போய்க் கேட்டுச்சு. ‘எங்கையில குடும்மா. எம்புள்ளைக்கு மாத்திரை குடுக்க எனக்குத் தெரியாதா?’

‘உங்க ஏரியா ஆளுங்கள நம்பிக் குடுத்தா வித்துக் குடிச்சிடுவீங்க.’

ஏரியா என்றால் என்னவென்று ஆயாவுக்குத் தெரியும். வாசிக்கிற உங்களுக்கும் தெரியும். 1959 ஆய்வுதான் ஆயாவுக்குத் தெரியாது.

அப்பாவுக்குக் குணமாயிற்று. இப்போது தினசரி மாத்திரை. வீட்டு ஆட்கள் பார்த்துக்கொள்ளவும் விடுகிறார்கள். நோயிலிருந்து மீண்டவர்களை உறுப்பினராக்கி மாவட்டந்தோறும் டிபி மன்றம் வைக்கச் சொல்லும் விதியும் இருக்கிறது. வேலைநாளில் பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால், எங்கப்பா மாதிரி லோடு இறக்குகிறவர் எப்படி வருவார்? வந்தால் அன்றைய கூலியை யார் கொடுப்பது?