திருச்சிக்கு ஒரு மணி நேரம்

கட்டுநாயக்கவில் இருந்து திருச்சிக்கு வான்வழியாகச் சுமார் 415 கிலோமீட்டர். விமானம் ஏறினால் ஒரு மணி நேரம்தான். மதுரை இன்னும் கிட்ட. ஆனா ஹட்டனில் இருந்து கட்டுநாயக்கவுக்கு பஸ்ஸில் வந்து சேரவே நாலைந்து மணி நேரம் ஆகுது. கடலைத் தாண்டுறதைவிட மலையை விட்டு இறங்கத்தான் கூட நேரம்!

1830களில் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கினபோது இந்தத் தூரம் வேறு மாதிரி இருந்தது. திருச்சி, மதுரை, சேலம், ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து கங்காணிமார் ஆள் கூட்டி வந்தாங்க. தோணியில் மன்னார்க் கரை; அங்கிருந்து மாத்தளை வரைக்கும் காட்டுப்பாதையில் ஏறக்குறைய 150 மைல் நடை. ஒரு நாளைக்கு 15 மைல் என்று வைத்தாலும் பத்து நாள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்துப்போனவங்க ஆயிரக்கணக்கில். தப்பிப் பிழைத்து வந்தவங்க பேரில் வழிச்செலவு கடனாக ஏறியது. நடை முடிந்தது, கடன் முடியவில்லை.

பிறகு கோச்சி வந்தது. 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் பாதை போட்டாங்க. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், திரும்பவும் ரயில் என்று ‘போட் மெயில்’ ஓடியது. மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனைக்காக அடைத்து வைத்த நாட்களைத் தவிர்த்துப் பார்த்தால், பயணம் வாரக்கணக்கில் இருந்து ஓரிரு நாளுக்குச் சுருங்கியது. கல்யாணம், திருவிழா என்று ஊருக்குப் போயிட்டு வாறது நடக்கக்கூடிய காரியமாச்சு.

அதுக்குப் பிறகு தூரத்தைக் கூட்டினது கடல் இல்லை, காகிதம். 1948 குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்க. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவு. அந்த மக்கள்கிட்ட யாரும் கேட்கவில்லை. அதே டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதனால் இங்கிருந்து அனுப்பப்பட்டவங்க தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினாங்க. பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி பக்கம் திரும்பவும் தேயிலைக் கொழுந்துதான் பறித்தாங்க. அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. 1984இல் யுத்தத்தால் கப்பலும் நின்றது.

வண்டி வேகமானால் தூரம் குறையும் என்று சாதாரணமாகச் சொல்லுவோம். நம்ம கதையில் பாதிதான் அது சரி. போட் மெயிலில் போனவங்க திரும்பி வரலாம் என்ற நம்பிக்கையோடு போனாங்க. 1970களில் அதே தலைமன்னாரில் கப்பல் ஏறினவங்களுக்கு அது ஒருவழிப் பயணம். கடல் அதே கடல்தான். கையில் இருந்த கடதாசிதான் வேறு.

இன்றைக்கு விமானம் இருக்கு. 2023இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலும் தொடங்கியது. ஆனால் நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு பாஸ்போர்ட், விசா, டிக்கெட் என்று கணக்குப் பார்த்தால் அந்த ஒரு மணி நேரம் இன்னும் எட்டாத தூரம்தான்.

வீட்டில் அப்பாயியோ அம்மாயியோ இருந்தால் கேளுங்க: எந்த ஊரில் இருந்து, எந்த வழியா வந்தோம்? நம்ம சொந்தத்தில் யார் யார், எந்த ஸ்டேஷனில், எந்த வருஷம் கோச்சி ஏறிப் போனாங்க? கேட்டதை எழுதி வையுங்க. லயத்துப் பெட்டிக்குள்ள பழைய பாஸ்போர்ட் கிடந்தால் அதையும் பத்திரப்படுத்துங்க.